இரண்டு வாஸோ வந்த வருஷம்

பிள்ளைகளே, மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற ஊர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கலெக்டர் என்று ஒரு பெரிய அதிகாரி, விடிகிற நேரத்திலேயே வானத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாவட்டத்துக்கு இன்றைக்கு லீவு என்று சொல்லிவிடுவாராம். டிவியில் பார்த்திருக்கிறேன். யாங்கோனில் இருக்கும் எங்களுக்கு அப்படி ஒரு கலெக்டர் இல்லை. இங்கே பள்ளிக்கூடம் திறப்பதே மழையோடுதான். ஜூன் மாதம் முதல் மணி அடிக்கும்போதே மழையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்கெல்லாம் லீவு விட்டால் தீபாவளி வரைக்கும் பாடமே நடக்காது. அதனால் மழைக்கு லீவு கிடையாது. தண்ணீர் வகுப்புக்குள் வந்தால்தான் லீவு. அது வந்ததா, வடிந்ததா, நாளைக்கு மறுபடி வருமா என்பதை அவரவர் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் சொல்லப்போவது என் வீட்டில் நடந்தது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பர்மீயப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும், கோயிலில் சாயங்காலத் தமிழ் வகுப்பில் கொஞ்சம், அவ்வளவுதான். எழுத்தில் எங்காவது தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். தாமுவேயில், சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வீடு. நான் லத்தாவில் ஒரு சீனர் மொத்தக் கடையில் பருப்பும் பயறும் நிறுத்து மூட்டை கட்டுகிறேன். என் மனைவிக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலை. அவளுக்கு ஒரு வாரம் காலை முறை, ஒரு வாரம் ராத்திரி முறை. நடுவில் யாராவது வராமல் போனால் எந்த முறை என்று கடவுளுக்கே தெரியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு.

இந்த நாலு பேருக்கும் மேலே ஒரு அதிகாரி உண்டு. அதுதான் கரண்ட். எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்த உடனே தெருவே ஒரே குரலில் "மீ லாபி!" என்று கத்தும். விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம். உடனே ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார், ஒருவர் சோற்றுக் குக்கரைச் சொருகுவார், என் மகள் ஈரமாகவே கிடக்கும் பள்ளிச் சீருடையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைப்பாள். மழைக்காலத்தில் எதுவும் காயாது. வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி. எல்லாப் பள்ளிக்கும் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் லுங்கிக்குப் பதில் பச்சைக் கால்சட்டை. ஆவி பறக்கப் பறக்க அதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள். போகிற வழியில் மறுபடி நனையும்.

அந்த வருஷம் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அவள் படித்த பழைய பள்ளியில் மேல் வகுப்புகள் இல்லை. பக்கத்தில் நல்ல பெயர் உள்ள உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்டு நடையாய் நடந்து, கடைசியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் இடம் கிடைத்தது. தம்பியையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகங்களுக்கு அவளே அட்டை போட்டாள். சில நாள்தான் போயிருப்பாள். டெங்கிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அவள் அம்மா வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் வைத்திருந்தோம். எழுந்து உட்காரப் பல நாள் ஆயிற்று.

அவள் தேறியதும் நான் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். பெண் ஆசிரியரை இங்கே சயாமா என்போம். இவர் பெரிய சயாமா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"உங்க பொண்ணு வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகம்" என்றார் பர்மீயத்தில்.

"காய்ச்சல், சயாமா. டெங்கி."

"தெரியும். பாவம்தான். ஆனா இந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கு. அந்த அம்மா தினமும் வந்து வாசல்ல நிக்கிறாங்க. நான் எத்தனை நாளைக்கு வெச்சிருக்கிறது? நாளையிலேர்ந்து அனுப்புங்க."

அன்று ராத்திரி கொட்டிய மழையில் அந்த 'நாளை' அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளியின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது பெரிய சயாமா மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"இன்னைக்கு இல்லை! தண்ணி வடிஞ்சு எந்த நாள் திறக்கிறோமோ, அந்த நாள் பொண்ணு இங்க இருக்கணும். அன்னைக்கும் வரலைன்னா பேரை அடிச்சுட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"எந்த நாள் திறப்பீங்க, சயாமா?"

"தண்ணி வடிஞ்சா!"

"காலையிலயா, மத்தியானமா?"

"கீழ் வகுப்பெல்லாம் சேறு. எல்லாரையும் மாடியிலதான் உட்கார வைக்கணும். பாதிப் பேர் காலையில, பாதிப் பேர் மத்தியானம். யார் எப்போன்னு அப்புறம் சொல்லி அனுப்புறேன்."

அதற்குப் பிறகு என் நாள்கள் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தினமும் லத்தாவுக்கு பஸ் ஏறும் முன் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவேன். காவல்காரப் பெரியவர் நாற்காலியை மேசை மேல் தூக்கிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார், ஏதோ சிம்மாசனத்தில் இருப்பதுபோல.

"நாளைக்குத் திறக்குமா?"

"என்னைக் கேட்டா? அதோ, அதைக் கேளு." தண்ணீரைக் காட்டுவார்.

"நேத்தைவிடக் குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"நேத்து நீ செருப்புப் போட்டுக்கிட்டு வந்தே, இன்னைக்குச் செருப்பைக் கையில வெச்சிருக்கே. குறைஞ்சுதா, கூடுச்சா, நீயே சொல்லு."

பள்ளிக்கூடத்திலிருந்து போனில் செய்தி அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கரண்ட் போனால் எங்கள் பக்கத்தில் நெட்டும் கூடவே போய்விடும். செய்தி வந்திருக்கிறது என்று போன் காட்டும். திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடையில் பருப்பு நிறுக்கும்போதுகூட அந்த வட்டம் என் தலைக்குள் சுற்றும். வீட்டில் காலையில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு யார் எங்கே இருக்கிறோம்? மனைவி ராத்திரி வேலை முடித்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குவாள். பிள்ளைகள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து வெளியே நின்று தட்டுவார்கள். ஒருநாள் நான் மகனைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அவன் பயற்று மூட்டை மேல் தூங்கினான். அவன் என்னோடு இருக்கிறான் என்பது தெரியாமல் அவன் அம்மா சந்து முழுக்கத் தேடியிருக்கிறாள்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அதுவே எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரிதான்.

"நாளைக்குத் திறந்தாலும் திறந்துடும்" என்றேன். "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்."

என் மனைவி சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைக் கிழிக்காமலே மறுநாள் தாளைத் தூக்கிப் பார்த்தாள். கோயிலில் வருஷா வருஷம் கொடுப்பது. இந்தியாவில் அச்சடித்தது.

"நாளைக்கு ஆனிப் பௌர்ணமிங்க" என்றாள். "வாஸோ லீவு. தண்ணி வடிஞ்சா என்ன, வடியாட்டா என்ன? நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறக்கும்?"

வாஸோ என்பது பர்மீய மாதத்தின் பெயர். அந்த மாதத்துப் பௌர்ணமியில்தான் பிக்குகள் மழைக்காலம் முழுக்க மடத்தில் தங்கத் தொடங்குவார்கள். நாடு முழுக்க லீவு. எங்களைப் போன்றவர்கள் பர்மீய நாள்காட்டி தனியாக வாங்குவதில்லை. பௌர்ணமி எல்லாருக்கும் ஒரே பௌர்ணமிதானே? ஆனியில் வந்தால் வாஸோ, ஐப்பசியில் வந்தால் தீபப் பண்டிகை என்று நம் நாள்காட்டியை வைத்தே லீவைக் கண்டுபிடித்துக்கொள்வோம். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

மகள் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். "அம்மா, இந்த வருஷம் வாஸோ பத்தி சயாமா என்னமோ சொன்னாங்க. எனக்கு அன்னைக்கே மேலெல்லாம் சுட்டுச்சு, காதுல ஏறலை."

"என்ன சொல்லப்போறாங்க? வாஸோ வருதுன்னு சொல்லியிருப்பாங்க."

"இல்லம்மா, என்னமோ..."

"என்னமோன்னா என்னடி? பௌர்ணமி வருமா, வராதா?"

"வரும்."

"அப்புறம்?"

மனைவி ஏற்கெனவே கூட வேலை செய்கிற பெண்ணிடம் முறையை மாற்றிக்கொண்டுவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியாக்தானில் அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் பௌர்ணமி அபிஷேகம். நாலு பேருமாகப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. அக்கா சமைத்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். கடை முதலாளிக்குப் போன் போட்டு, வாஸோவுக்கு லீவு வேண்டும் என்றேன். அவர் கடையைச் சீனப் புத்தாண்டுக்கு மட்டும்தான் மூடுவார். "வாஸோவா?" என்றார். அப்புறம் "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனால் அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

திங்கள் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா தலையில் பூ வைத்து, கையில் பூங்கொத்தோடு பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, புறப்பட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடி மடத்தின் ஒலிபெருக்கியில் பிக்கு ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "வாஸோ இல்லாமத்தான் இவ்வளவு கூட்டம் கோயிலுக்குப் போகுதா?"

நானும் நிம்மதியாக வேட்டி கட்டிக்கொண்டேன். மகள் புதுச் சுடிதார் போட்டு மல்லிகைப் பூ வைத்துக்கொண்டாள். மகனுக்கு நெற்றி நிறைய விபூதி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம்கூடக் கிடைத்தது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அதுவும் நல்லாத்தான் இருந்தது, எங்கேயும் நனைந்துகொண்டு ஓட வேண்டியதில்லையே.

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் நெரிசலால் பஸ் நின்றது. மகன் ஜன்னலைத் துடைத்துவிட்டு, "அப்பா, பச்சை" என்றான்.

தெருவோரத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே பிளாஸ்டிக் மழைக்கோட்டு. கோட்டுக்குக் கீழே ஒரு சாண் பச்சைத் துணி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ பச்சை லுங்கி கட்டியிருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு குடை, இன்னொரு சாண் பச்சை. அப்புறம் குடையே இல்லாமல் நாலைந்து பேர், முதுகில் பையோடு, தண்ணீரை உதைத்துக்கொண்டு.

"டியூஷனா இருக்கும்" என்றாள் மனைவி. அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"டியூஷனுக்கு யாரும் யூனிஃபார்ம் போட மாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

முன் சீட்டில் ஒரு பர்மீயப் பாட்டியம்மா பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, "ஏம்மா, இன்னைக்கு வாஸோ பௌர்ணமிதானே?" என்று கேட்டேன்.

"ஆமாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அப்போ லீவுதானே?"

"லீவா? லீவு அடுத்த வாஸோவுக்குல்ல?"

"அடுத்த வருஷமா?"

"அடுத்த மாசம்ப்பா! இந்த வருஷம் கூட்டு மாசம் வருதே. வாஸோ ரெண்டு. இது முதல் வாஸோ. லீவு ரெண்டாவதுக்குத்தான்."

பக்கத்தில் நின்ற ஒருவர், இல்லை, இன்றைக்கும் லீவு, அடுத்த மாதமும் லீவு என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஆபீசுக்கு இல்லை என்றாள். இன்னொருவர், பேங்குக்கு மட்டும் என்றார். எனக்குத் தலை சுற்றியது. பர்மீயர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை வாஸோவை இரண்டு தடவை வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் நம் நாள்காட்டியில் அது கிடையாது. அது சுவரில் இல்லாததால் மனசிலும் இல்லை.

கடைசியில் டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என் பையனைப் பள்ளிக்கூடத்துல இறக்கி விட்டுட்டுத்தான் நான் வண்டியே எடுத்தேன். எதுக்கு இத்தனை சண்டை?"

மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, திறக்குற நாள் நான் இருக்கணும்னு சொன்னாங்களே."

"இறங்குங்க" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் இறங்குங்க!"

"நீ?"

"நானும் இறங்கி என்ன பண்றது? அக்கா ஒருத்தி சமைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருப்பா. நீங்க போங்க. போய்ட்டுப் போன் பண்ணுங்க."

"போன்ல சார்ஜ் இல்லை."

"கடவுளே! போங்க முதல்ல!"

மகன் பர்மீயத்தில் கத்தினான்: "எனக்கு? எனக்கும் பள்ளிக்கூடமா?"

"உனக்கும்தான்டா" என்றாள் அவன் அம்மா. "ஆனா இவ பேர்தான் இன்னைக்குப் போகும். நீ உட்காரு."

நாங்கள் இறங்கியதும் பஸ் நகர்ந்தது. மகன் ஜன்னலில் கையை ஆட்டிச் சிரித்தான். உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அன்று எந்தக் குழப்பமும் இல்லை.

ஒரு சைக்காவைப் பிடித்தோம். சைக்கிளின் பக்கத்தில் இருக்கை வைத்த வண்டி, தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த குழப்பம்.

"அப்பா, வீட்டுக்குப் போய் யூனிஃபார்ம் மாத்திட்டுப் போலாமா?"

"காலையில உங்க வகுப்புன்னா? அதுக்குள்ள முடிஞ்சுடுமே."

"மத்தியானம்னா?"

"மத்தியானம்னா நேரம் இருக்கு."

"காலையா, மத்தியானமா?"

"தெரியலையேம்மா."

சைக்காக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். "எங்க போகணும்னு முடிவு பண்ணுங்க. வீடு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவுல நான் நனையறேன்."

போகிற பிள்ளைகளைப் பார்த்தேன். லுங்கியாக இருந்தால் பெரிய வகுப்பு, கால்சட்டையாக இருந்தால் சின்ன வகுப்பு. அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பெரிய பெண் லுங்கியில் வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கால்சட்டையில் ஒரு குட்டிப் பையன். இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? அவர்கள் போகிறார்களா, திரும்பி வருகிறார்களா என்பதுகூடத் தெரியவில்லை.

"பள்ளிக்கூடம்" என்றேன்.

"அப்பா, சுடிதார்ல உள்ள விட மாட்டாங்க."

"உள்ள விடலைன்னா வெளிய நிப்போம். வந்தோம்னாவது தெரியட்டும்."

பள்ளி வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். காவல்காரப் பெரியவர் தரையில் இறங்கி நின்றிருந்தார். என் வேட்டியையும் மகளின் மல்லிகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணமா?"

"ஒன்பதாம் வகுப்பு காலையிலயா, மத்தியானமா?"

"பெரியவங்களுக்குக் காலையிலன்னு நேத்துச் செய்தி போச்சாம். சின்னவங்களும் காலையிலேயே வந்துட்டாங்க. வரவேண்டியவங்க பாதிப் பேர் வரலை, வரவேண்டாதவங்க பாதிப் பேர் வந்துட்டாங்க. போ, போ, மாடிக்குப் போ."

அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்த செய்தி அதுதான் போலிருக்கிறது.

பெரிய சயாமா மேசையை மாடிப்படி முடியும் இடத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே பெஞ்சில் பழுப்பு நிறச் சால்வை போட்ட ஒரு அம்மா. பௌர்ணமியில் விரதம் இருப்பவர்கள் போடும் சால்வை அது. அவர் பக்கத்தில் ஒரு பெண். என் மகள் வயது. சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது, மடியில் பை, கையில் ஒரு புதுப் பேனா. யாரென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் என் மகளைப் பார்த்ததும் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"இது என்ன உடுப்பு?" என்றார் பெரிய சயாமா, கண்ணாடிக்கு மேலாக.

"இன்னைக்கு வாஸோ லீவுன்னு நினைச்சுட்டோம், சயாமா. எங்க நாள்காட்டியில ரெண்டாவது வாஸோ கிடையாது. கோயிலுக்குப் போற வழியில பஸ்ஸில பிள்ளைங்களைப் பாத்துட்டு இறங்கி ஓடி வர்றோம்."

"போன தடவை கூட்டு மாசம் வந்தப்போ என்ன பண்ணீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அப்போ கொரோனான்னு பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது, சயாமா. லீவுக்குள்ள லீவு எங்க தெரிஞ்சுது?"

அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த இரண்டு வருஷம் அவருக்கும் அப்படித்தான் போயிருக்கும்.

"முதல் மணியில இவ இல்லை" என்றார். "திறக்குற நாள் இருக்கணும்னு சொன்னேன்."

"திறந்த நாள் இன்னும் முடியலையே, சயாமா" என்றாள் மகள். அவளாகப் பேசியது அது ஒன்றுதான். பர்மீயம் என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.

பெஞ்சில் இருந்த அம்மா சால்வையைச் சரிசெய்தார். "நாங்க விடியறதுக்கு முன்னாலேயே வந்துட்டோம், சயாமா" என்றார் மெதுவாக.

பெரிய சயாமா எழுந்தார். "வாங்க எல்லாரும்" என்று முன்னால் நடந்தார்.

வகுப்புக்குள் கீழ்த்தளத்துப் பெஞ்சுகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்திருந்தவர்களில் முன் வரிசையில் மூன்று பேர் என் மகன் வயதுப் பிள்ளைகள்.

"நீங்க யாரு?" என்றார் பெரிய சயாமா.

"ரெண்டாம் வகுப்பு" என்றார்கள் கோரஸாக.

"இங்க என்ன பண்றீங்க?"

"மாடிக்குப் போன்னு சொன்னாங்க."

பின் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். பெரிய சயாமா அவனை முறைத்தார். அப்புறம் காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. வராதவர்கள் பெயரை எல்லாம் அடித்தால் வகுப்பே மிஞ்சாது என்று நினைத்தாரோ, அல்லது அவருக்கும் அலுத்துவிட்டதோ.

"நீ அங்க உட்காரு" என்று அந்தப் பெண்ணுக்குக் கையைக் காட்டினார். "நீ பூவை எடுத்துப் பையில வெச்சுட்டு அவ பக்கத்துல உட்காரு. பை எங்கே?"

"பை இல்லை, சயாமா."

"பையும் இல்லையா! சரி, உட்காரு."

"சயாமா" என்றேன், "அப்போ இடம் யாருக்கு?"

"இவங்க பொண்ணு பேரைக் கடைசியில எழுதிக்கறேன். உங்க பொண்ணு பேரை அடிக்கலை. போதுமா?"

"இடம் ஒண்ணுதான்னு சொன்னீங்களே?" என்றார் சால்வை அம்மா.

"ஒண்ணுதான். நெருக்கி உட்காரட்டும். மழையில வந்து நிக்கிற பிள்ளைங்கள்ல ஒண்ணை நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்? நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்களோ, அப்போ பாத்துக்கலாம். ரெண்டு பேரும் கீழ போங்க, பாடம் நடக்கணும்."

மகள் மல்லிகையை உருவி என் கையில் கொடுத்தாள். வைத்துக்கொள்ள அவளிடம் பைதான் இல்லையே. அந்தப் பெண் ஒரு தாளைக் கிழித்து அவள் பக்கம் தள்ளியதும், பேனாவை மறுபடி வெளியே எடுத்ததும் தெரிந்தது. மகள் என்னைப் பார்த்து, போ போ என்று கண்ணாலேயே விரட்டினாள்.

பள்ளி எப்போது விடும் என்று காவல்காரருக்கும் தெரியவில்லை. எதிரே டீக்கடைப் பந்தலில் போய் உட்கார்ந்தேன். கியாக்தானுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா, கடைக்குப் போவதா என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் யாராவது என்னை எதிர்பார்த்துக்கொண்டோ திட்டிக்கொண்டோ இருப்பார்கள். மகள் எங்கே இருக்கிறாள் என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் அங்கேயே இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சால்வை அம்மாவும் வந்து எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார் திடீரென்று.

"சொல்லுங்கம்மா."

"இருட்டோட பகோடாவுக்குப் போய்ட்டுத்தான் இங்க வந்தேன். உங்க பொண்ணு இன்னைக்கு வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். விரத நாள்ல வேண்டக் கூடாததை வேண்டிட்டேன்."

கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு மகள், அவளுக்கும் ஒரு பேனா. நானாக இருந்தால் என்ன வேண்டியிருப்பேன் என்று யோசித்தேன். அந்த யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் வைத்துவிட்டுப் போன பொரித்த மாவுக் குச்சித் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"வேண்டாம்" என்றார். "விரதம். மத்தியானம் தாண்டினா எதுவும் சாப்பிடக் கூடாது. மத்தியானம் ஆயிடுச்சா?"

என் போன் எப்போதோ அணைந்துவிட்டது. கடையில் கரண்ட் இல்லை. வானத்தைப் பார்த்தேன். விடிகாலை மாதிரியும் இருந்தது, சாயங்காலம் மாதிரியும் இருந்தது.

"தெரியலையேம்மா" என்றேன்.

அவரும் எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூட மாடியைப் பார்த்தார்.

"ஆகலைன்னு வெச்சுக்குவோம்" என்று சொல்லி, ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார்.